வண்டிக்கும் நாடி பார்க்கலாம்!

பழைய அம்பாஸடர் கார் ஒன்று வீட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிளப்பினால் இருமுகிறது. மேடு ஏறச் சொன்னால் பெருமூச்சு விடுகிறது. பெட்ரோலை மட்டும் குறைவில்லாமல் குடிக்கிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? "கார்புரேட்டரில்தான் கோளாறு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, திருப்புளியும் கையுமாய்க் கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருகித் தீர்க்கிறோம். பாவம், அந்தக் கார்புரேட்டர்! செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிப்பது பல சமயம் அதுதான்.

நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் யாராவது போவார்களா? எஞ்சினுக்கும் நாடி உண்டு. பிளக்கில் பொறி விழும் நேரம்தான் அந்த நாடி. அதைச் சரி பார்த்த பிறகே கார்புரேட்டர் பக்கம் போகவேண்டும். முதலில் நெருப்பு, அப்புறம் தீனி. இந்த வரிசையை மட்டும் மறக்காமலிருந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 1957-ல் பிறந்து, 2014-ல் உற்பத்தி நிற்கும் வரை நம் சாலைகளை ஆண்ட வண்டி அம்பாஸடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழி வந்தது. அதில் நெடுங்காலம் இருந்த 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது அந்த நான்கு சிலிண்டர்களிலுமாக விநாடிக்கு 100 பொறிகள் விழுகின்றன. பொறி பட்டதும் உள்ளே இருக்கும் கலவை முழுவதும் ஒரேயடியாக எரிந்துவிடுவதில்லை. தீ பரவக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னதாகவே பொறி விழவேண்டும். ஊஞ்சலில் குழந்தையை ஆட்டுகிறீர்களே, அதைப் போலத்தான். ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் கைதான் வலிக்கும். வெகு தூரம் போன பிறகு தள்ளினால் பலனில்லை. பொறி அதிகம் முந்தினால் எஞ்சினுக்குள் "கிணிகிணி" என்று தட்டல் கேட்கும். நாளடைவில் பிஸ்டனே உடைந்துபோகலாம். பொறி பிந்தினாலோ இழுவை குறையும், சூடு ஏறும், பெட்ரோல் வீணாகும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, இடைவெளியை அங்குலத்தில் 0.025 ஆக வையுங்கள். அடுத்தது டிஸ்ட்ரிப்யூட்டர். மூடியைத் திறந்தால் இரண்டு 'பாயிண்டு'கள் முத்தமிட்டுப் பிரிவதைக் காணலாம். அவை முழுதும் விலகி நிற்கும்போது இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை இருக்கவேண்டும். முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் புதிது போடுவதே உத்தமம். இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். அதனால் இதை முடித்துவிட்டுத்தான் நேரத்தைத் தொடவேண்டும்.

நேரம் பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். முதல் சிலிண்டரில் இரண்டு வால்வுகளும் மூடி, பிஸ்டன் மேலே வரும் சமயத்தில், முன்புறக் கப்பியிலுள்ள வெட்டை உங்கள் வண்டியின் புத்தகம் சொல்லும் குறிக்கு நேராக நிறுத்துங்கள். பல்பின் ஒரு கம்பியைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்கு வரும் மெல்லிய ஒயர் முனையிலும், மற்றதை எஞ்சின் இரும்பிலும் தொடுத்துச் சாவியைப் போடுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டரை மெதுவாகத் திருப்புங்கள். பாயிண்டு பிரியும் அதே கணத்தில் பல்பு எரியும். அந்த இடத்திலேயே இறுக்கிவிடுங்கள். பிளக் ஒயர்களின் வரிசை 1, 3, 4, 2. ஓர் எச்சரிக்கை: பொறி மிக முந்தியிருக்கும் வண்டியைக் கைப்பிடி போட்டுச் சுற்றினால் அது திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் உண்டு!

இப்போதுதான் கார்புரேட்டரின் முறை. அம்பாஸடரில் பெயர் பெற்றது எஸ்.யூ. கார்புரேட்டர். ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயர் 1904-05-ல் உருவாக்கியது. செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர் ஆதலால், ஆரம்பத்தில் அதற்குத் தோல் துருத்தியைத்தான் வைத்தார்! பிற்பாடு உலோகப் பிஸ்டன் வந்தது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பிஸ்டன் உயரும். அதனுடன் ஒட்டிய ஊசியும் உயர்ந்து, பெட்ரோலுக்கு வழிவிடும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, பக்கத்திலுள்ள சிறு முளையைத் தள்ளிப் பிஸ்டனை ஓர் அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு மட்டும் உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழையபடி அமைந்தால் கலவை சரி. திருத்தம் தேவையானால், அடியிலுள்ள ஜெட் நட்டை ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டை அளவே திருப்புங்கள். ஜெட் கீழே இறங்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏறினால் குறையும். பிஸ்டன் தலையிலுள்ள எண்ணெய் வற்றியிருந்தால் ஊற்ற மறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு விஷயம். புத்தகத்திலுள்ள அளவுகள் அந்தக் காலப் பெட்ரோலுக்கு எழுதப்பட்டவை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடெங்கும் நின்றது. 2025-லிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலிலேயே பிராணவாயு இருப்பதால், பழைய அளவில் வைத்த கலவை இப்போது நீர்த்துப்போகிறது. ஜெட்டைச் சற்று இறக்க நேரிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் கெடுக்கும். ஊறி உப்பிய குழாயைக் கண்டால் அன்றே மாற்றுங்கள். பெட்ரோல் கசிந்து சூடான எஞ்சின்மேல் விழுந்தால் வண்டியே போய்விடும்.

திறந்த வெளியில், துண்டு நுனி விசிறியில் சிக்காமல், பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல் வேலை செய்யுங்கள். முடித்ததும் டாப் கியரில் ஒரு மேடு ஏற்றிப் பாருங்கள். கிணிகிணிச் சத்தம் விடாமல் கேட்டால், டிஸ்ட்ரிப்யூட்டரை ரோட்டார் சுழலும் திசையிலேயே ஒரு மயிரிழை திருப்பினால் போதும். கேட்காவிட்டால் திருப்புளியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, குடும்பத்துடன் ஒரு சுற்று போய் வாருங்கள்.