சத்திரத்துச் சாப்பாடும் கல்லூரிப் படிப்பும்

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமேஸ்வரம் சாலையில் தம் முன்னோர் எழுப்பிய சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விட வேண்டும் என்பது கோரிக்கை. அங்கே நடப்பவற்றை அதில் அடுக்கிச் சொல்கிறார்: பாடம் சொல்ல ஆசிரியர், நோய்க்கும் விஷக்கடிக்கும் வைத்தியர், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சோறு, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய், உடுத்தத் துணி, வழியில் வலி கண்ட பிள்ளைத்தாய்ச்சிக்குப் பேறுகாலப் பராமரிப்பு. இதில் எது கல்விச் செலவு, எது சுகாதாரச் செலவு என்று அவர் பிரிக்கவே இல்லை. திருவையாற்று அரசர் கல்லூரி 1881-இல் சத்திர அறக்கட்டளை வருவாயில்தான் சமஸ்கிருதப் பாடசாலையாகத் தொடங்கியது. படிப்பவன் வயிறும் படிப்பைச் சேர்ந்ததுதான் என்ற கணக்கு, அந்த மரபில் ஊறியது.

அதே கணக்கைத்தான் 2015-இல் கனடாவில் உருவான ஒக்கனாகன் சாசனமும் போடுகிறது. உலகப் பல்கலைக்கழகங்களிடம் அது கேட்பது இரண்டே காரியம். வளாகத்தின் நிர்வாகம், பாடத்திட்டம், அன்றாட வாழ்க்கை எல்லாவற்றிலும் நலத்தைச் சேருங்கள். வெளியே உள்ள சமூகத்தின் நலத்துக்கும் முன்னின்று உழையுங்கள். நாமோ இன்னும் ஆள் நியமிப்பதில் நிற்கிறோம். நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனத்தில் மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேவையான உத்தரவு. 2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலையில் இறந்த மாணவர்கள் 1,416 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஆனால் ஆலோசகரின் அறைக்கதவைத் தட்டுவதற்கு முன்பே ஒரு மாணவனின் நாள் பாதி முடிந்துவிடுகிறது. அவன் தின்றது, தூங்கியது, விடுதிக் கழிப்பறை, ஊருக்குத் திரும்பக் கிடைக்கும் பஸ் ஆகியவற்றுக்கு அந்த அறையில் மருந்து இல்லை. முதலமைச்சரின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் கல்லூரி மாணவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன, நல்லதுதான். ஆனால் கேண்டீனில் பரோட்டாவும் பஜ்ஜியும் மட்டுமே இருந்தால் அந்தப் பணம் எதை வாங்கும்? தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம் என்று 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. மூன்று வேளையும் அரிசியே புழங்கும் காவிரிப் படுகையில், தட்டில் காயும் பருப்பும் எவ்வளவு என்பது பதினெட்டு வயதிலேயே கேட்க வேண்டிய கேள்வி.

சத்திரத்தைப் பெருமையாகப் பேசுவது சாதிக்குப் பட்டுக்குஞ்சம் கட்டுவதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு உண்டு என்று சரபோஜியின் கடிதம் சொன்னாலும், பிற்காலத்தில் ஒரத்தநாடு சத்திர விடுதி பிராமண மாணவருக்கே ஒதுங்கிப்போயிற்று. 1920-களில் தஞ்சை ஜில்லா போர்டு தலைவராக இருந்த நீதிக்கட்சிக்காரர் ஏ.டி. பன்னீர்செல்வம்தான் அதன் கதவை மற்றவர்களுக்கும் திறந்தார். திருவையாற்றுக் கல்லூரியில் தமிழையும் கொண்டுவந்து சேர்த்தார். விடுதியை அவர் மூடிவிடவில்லை, பந்தியை நீட்டினார் என்பதுதான் எனக்கு முக்கியம். பந்தியில் இடம் கிடைத்ததால் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டம் வந்தது.

கல்லூரியின் வேலை பாடம் நடத்துவது, மருத்துவம் அரசு ஆஸ்பத்திரியின் வேலை என்பது இன்னொரு மறுப்பு. இதற்கான பதிலை மருத்துவப் படிப்பே தருகிறது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின்படி, எம்பிபிஎஸ் மாணவர் கிராமத்தில் சில குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கும் அது பொருந்தும். ஒரு நாள் முகாமில் ரத்தக்கொதிப்பை அளந்து அனுப்பிவிடலாம். மறுபடி போனால்தான் மாத்திரை ஏன் நின்றது என்று தெரியும். மற்றக் கல்லூரிகளின் என்எஸ்எஸ் பெரும்பாலும் ஏழு நாள் முகாமோடு முடிகிறது. கல்லூரிக்குத் தரமிடும் நாக் குழு வந்தால் காட்ட அதில் புகைப்படம் மிஞ்சும் (மரம் நடும் படம் கட்டாயம் இருக்கும்). அதே மாணவர்களுக்கு ஒரே ஊரை மூன்று வருஷத்துக்கும் கொடுத்தால், அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களுக்கு அவர்கள் உண்மையான துணையாவார்கள்.

மிச்சம் இருப்பது பணம். சரபோஜிக்குச் சத்திர நிலங்கள் இருந்தன, இன்றைய கல்லூரி முதல்வருக்கு என்ன இருக்கிறது என்பார்கள். தனிச் சமையல்கூடம் கட்டச் சொன்னால் அது சரியான வாதம். ஆனால் 2023 ஆகஸ்டில் காலை உணவு மாநிலம் முழுக்க விரிந்த பிறகு, அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அடுப்பு எரியாத ஊர் அநேகமாக இல்லை. அங்கே உப்புமாவும் பொங்கலும் சாம்பாரும் விடிந்ததும் தயாராகின்றன. பக்கத்துக் கல்லூரிக்கும் சேர்த்து அரிசி போட வேண்டுமானால் தேவை கூடுதல் அரிசி, பருப்பு, சமைக்கும் பெண்களுக்குக் கூடுதல் கூலி, ஒரு அரசாணை.