திருப்பதியில் கண் காயம்: சொந்த ஊரிலேயே வழக்கு

புதுதில்லி: திருமலை செல்லும் தமிழக பக்தர், சித்தூரிலோ திருப்பதியிலோ உணவகம் ஒன்றில் அமர்கிறார். பரிமாறுபவரின் கை தவறி, கொதிக்கும் சாம்பார் கண்ணில் தெறிக்கிறது. பார்வை பாதிக்கப்பட்டால் இழப்பீடு கோரி எங்கே செல்வது?

1986-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உணவகம் இயங்கும் ஊரிலோ, சம்பவம் நடந்த ஊரிலோதான் புகார் செய்ய முடியும். மதுரைக்காரரும் வாய்தாதோறும் ஆந்திரம் சென்றுவர வேண்டும்.

நாடாளுமன்றம் 2019 ஆகஸ்டில் நிறைவேற்றி, 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம் இதை மாற்றியது. பாதிக்கப்பட்டவர் தான் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். கோரும் தொகையல்ல, கொடுத்த சாப்பாட்டு விலையே ஆணையத்தின் வரம்பைத் தீர்மானிக்கும். எனவே மாவட்ட ஆணையமே போதும், மனுவுக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

ஆனால், வழக்குத் தொடுப்பது எளிதானதால் வெற்றி உறுதியாகிவிடாது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 2010-ல், சூடான இறைச்சித் தட்டின் மேல் குனிந்து பிரார்த்தித்தவரின் இடக்கண் அருகே கொழுப்பு தெறித்துச் சுட்டது. தட்டின் சூடு வெளிப்படையாகத் தெரிந்த அபாயம் என்று கூறி, 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு மறுத்தது. ஆகவே ஊழியரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். உணவக பில், மருத்துவச் சான்று, நேரில் கண்டவர் வாக்குமூலம் ஆகியவை அவசியம்.

நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதங்களில் புகாரை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆணையங்களின் காலியிடங்களை உச்ச நீதிமன்றமே 2021-ல் தாமாக முன்வந்து விசாரிக்க நேர்ந்தது. இருக்கைகள் காலியாகக் கிடந்தால், அருகில் வந்த நீதியும் தொலைவில்தான் நிற்கும்.