சர்க்கரை இருந்தால் கால் புண் லேசில் ஆறாதது ஏன்?

செருப்பு கடிச்ச சின்ன புண்தானே என்று பலர் விட்டு விடுகிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அதுவே விரலை, சில நேரம் காலையே எடுக்கும் அளவுக்கு போய் விடுகிறது. காரணம் தோலுக்குள் இருக்கிறது.

காயம் பட்டால் முதலில் ரத்தம் உறையும். வெள்ளை அணுக்கள் வந்து கிருமியை அழிக்கும். பிறகு தோலின் அடியில் உள்ள செல்கள் 'கொலாஜன்' என்ற புரதத்தை உண்டாக்கி பள்ளத்தை நிரப்பும். மேல்தோல் செல்கள் ஓரத்தில் இருந்து நகர்ந்து புண்ணை மூடும். இவற்றை வேலை வாங்குவது 'வளர்ச்சி காரணி' எனப்படும் புரதங்கள். இதில் ஒன்றை கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன், 1986-ம் ஆண்டு நோபல் பரிசை பகிர்ந்து கொண்டார்.

எங்கே கெடுகிறது?

ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தால் இந்த வேலை எல்லாம் தடுமாறி விடும். வீக்கம் வற்றாது. கழிவு திசுவை அகற்ற வேண்டிய நொதிகள் அளவுக்கு மீறி சுரந்து, புது கொலாஜனையும் வளர்ச்சி காரணிகளையும் சேர்த்தே சிதைக்கும். மேல்தோல் செல்கள் ஓரத்திலேயே தடித்து நின்று விடும். ரத்த ஓட்டமும் குறைந்தால் கேட்கவே வேண்டாம்.

வலி இல்லையா? உஷார்!

நரம்பு மரத்து போவதால் வலி தெரியாது. வலிக்கலையே, ஆறிடுச்சு என்று நினைப்பதுதான் ஆபத்து.

தினமும் ராத்திரி பாதத்தையும், விரல் இடுக்கையும் பாருங்க. வெறுங்காலோட நடக்காதீங்க. புண்ணில் மஞ்சள், காபித்தூள் அப்பாதீங்க. புண் சின்னதாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரியில் காட்டிடுங்க. சர்க்கரையை கட்டுக்குள் வைத்து, புண்ணை சுத்தம் செய்து, அந்த காலில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் பல புண்கள் ஆறி விடும். காலும் தப்பும்.