உடன்படிக்கையும் உழைப்பாளியும்: கெங்கவல்லிச் சமவெளி முதல் ரீயூனியன் வரை

முன்னுரை

அடிமைமுறை ஒழிப்பின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆயினும் ஒருவர் எந்த அரசின் குடி, அவருக்கு எந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பவற்றை அரசுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளே வரையறுத்தன. சேலம் சமவெளியை முன்வைத்து இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

1792: மாறிய ஆட்சி

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் சேலம், பாராமகால் பகுதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கெங்கவல்லியை உள்ளடக்கிய ஆத்தூர் வட்டாரமும் இவ்வாறே கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. உழுவோரின் இசைவு கேட்கப்படவில்லை; ஆனால் அவர்களுக்குரிய சட்டம் மாறியது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையின் மீதான உடைமை உரிமையைக் கம்பெனி நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. அடிமையாக ஒருவரை வாங்குவதையும் விற்பதையும் 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் குற்றமாக்கியது.

1860: கடல் கடந்த ஒப்பந்தம்

பிரான்சு 1848இல் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியே தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். பிரெஞ்சிந்தியாவின் பரப்பு சிறியது. தேவையான ஆட்களைச் சூழ்ந்திருந்த ஆங்கிலேயப் பகுதிகளிலிருந்தே திரட்ட வேண்டியிருந்தது. எனவே 1860, 1861ஆம் ஆண்டுகளில் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கைகள் செய்துகொண்டன. ஆப்பிரிக்கரை விலைக்கு மீட்டு ஒப்பந்த ஆட்களாக்கும் முறையைப் பிரான்சு கைவிட்டது. அதற்கு மாற்றாக இந்தியக் கூலிகளைப் பெற்றது. ஓரினத்தாரின் விடுதலைக்கு மற்றோர் இனத்தாரின் உழைப்பு ஈடாக வைக்கப்பட்டது.

ஐந்தாண்டு ஒப்பந்தம், வாரத்திற்கு ஆறு நாள் வேலை, நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேர வரம்பு, இலவசமாகத் தாயகம் திரும்பும் உரிமை, ஆங்கிலேயத் தூதரிடம் முறையிடும் உரிமை ஆகியவற்றை உடன்படிக்கை வழங்கியது. இப்பாதுகாப்பு ஆங்கிலேயக் குடிகளுக்கு மட்டுமே உரியது. சேலத்தில் பிறந்தவர் தூதரை நாடலாம். புதுச்சேரியில் பிறந்து அதே தோட்டத்தில் உழைத்தவருக்கு அவ்வழியில்லை. 1792இல் வரையப்பட்ட எல்லை கரும்புக் கொல்லையிலும் தொடர்ந்தது.

எழுத்திலிருந்த உரிமைகள் தோட்டங்களில் முழுமையாகக் கிட்டவில்லை. 1877இல் இரு அரசுகளின் கூட்டு ஆணையம் ரீயூனியனில் விசாரணை நடத்தியது. 1882இல் இந்திய அரசு அத்தீவுக்கான ஆள் அனுப்புதலை நிறுத்தியது. சோழமண்டலக் கரையில் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு இன்றும் ‘மலபார்’ என்றே அழைக்கப்படுகின்றனர்.

முடிவுரை

உடன்படிக்கைகள் உழைப்பாளரைக் காத்தன. அதே வேளை அவர்களைப் பேரப்பொருளாகவும் ஆக்கின. அவர்களின் உரிமை மனிதர் என்பதால் வந்ததன்று, ஓர் அரசின் குடி என்பதால் வந்தது. ஆகவே அவ்வுரிமையின் அளவையும் ஆயுளையும் அரசுகளின் நலனே முடிவு செய்தது.