உப்புக் காற்றும் ஒரு குடம் தண்ணீரும்

திருமலைராயன்பட்டினத்துக்கும் கொதிக்கின்ற கொப்பரைக்கும் உள்ள சம்பந்தம் மிகப் பழையது. திருமலைராயன் சபையில், அதிமதுர கவிராயர் முதலான அறுபத்துநான்கு தண்டிகைப் புலவர்களுக்கு எதிரே, கொப்பரையில் எண்ணெய் கொதிக்க அதற்கு மேலே தொங்கிய உறியில் அமர்ந்து, கொடுத்த சமஸ்யைகளையெல்லாம் கொடுத்த மாத்திரத்தில் பாடி முடித்து, எமகண்டம் என்னும் அந்த விபரீதப் பரீட்சையில் கவி காளமேகம் தேறினார் என்றும், உரிய மரியாதை கிடைக்காத ஆத்திரத்தில் ஊரின்மீது மண்மாரி பொழியப் பாடிவிட்டுப் போனார் என்றும் கர்ணபரம்பரைக் கதை சொல்லுகிறது. கதையை நம்புகிறவர்களும் நம்பாதவர்களுமாக இன்று அந்த ஊரில் மீன் வண்டியும் காய்கறி வண்டியும் ஓட்டிப் பிழைக்கிறவர்கள், பொலேரோ பிக்கப் ஆனால் முன்னாலும், குட்டியானை என்று செல்லப் பெயர் பெற்ற டாட்டா ஏஸ் ஆனால் உட்காரும் இருக்கைக்கு அடியிலேயும், ஒரு கொப்பரையை வைத்துக்கொண்டுதான் தினந்தோறும் சவாரி போகிறார்கள். காளமேகத்துக்குச் சரஸ்வதி கடாட்சம் இருந்தது; இவர்களுக்கு இருப்பது ரேடியேட்டர் ஒன்றுதான்.

இன்ஜினுக்குள் டீசல் எரியும்போது உண்டாகும் உஷ்ணத்தில் வண்டியை ஓட்டுவதற்குப் பிரயோஜனப்படுவது போக, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உலோகச் சுவர்களில் ஏறி நிற்கிறது. அதைக் கவர்ந்துகொண்டு போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதே உள்ளே சுற்றும் திரவத்தின் தொழில். ஒர்க்‌ஷாப்புகளில் இதைப் பலர் ‘கூலன்ட் ஆயில்’ என்று சொல்லுகிறார்கள். அதில் எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. எதிலீன் கிளைக்கால் என்ற ரஸாயனமும், துருவைத் தடுக்கும் சில உப்புக்களும், கண்ணுக்குத் தெரிய ஒரு சாயமும், மீதி ஜலமும் சேர்ந்ததே கூலன்ட். கிளைக்காலை முதன்முதலில் தயாரித்தவர் சார்லஸ் அடால்ப் வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு ரஸாயன சாஸ்திரி; ஆண்டு 1856. இவ்வூர் அடங்கிய காரைக்கால் பிரதேசம் அப்போது பிரெஞ்சுக் கொடியின்கீழ்தான் இருந்தது என்பது வெறும் யதேச்சையான பொருத்தமே ஆனாலும், இந்தப் பக்கத்து மனிதனுக்கு அதைக் குறிப்பிடாமல் போக மனம் வருவதில்லை.

குளிர் தேசங்களில் ஜலம் உறைந்து இன்ஜினையே பிளந்துவிடும் ஆகையால் அதைத் தடுப்பதற்கென்று கிளைக்கால் புகழ் பெற்றது. சரிபாதி கிளைக்காலும் சரிபாதி ஜலமும் கலந்தால், பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரையில் உறையாது. “இங்கே என்ன பனியா கொட்டுது, பாய்? தண்ணி ஊத்தினா ஆகாதா?” என்று ஒரு பிக்கப் டிரைவர் மெக்கானிக்கைக் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். கேள்வி நியாயமானது. உஷ்ணத்தைச் சுமக்கும் சக்தி ஒன்றை மட்டும் பார்த்தால் சுத்த ஜலத்துக்கு ஈடாகாது எந்தக் கூலன்டும். ஆனால் அதே கலவை கொதிக்க 107 டிகிரி வேண்டும். ரேடியேட்டர் மூடி உள்ளே தேக்கிவைக்கும் அழுத்தம் இன்னும் 20 டிகிரியைக் கூட்டிக் கொடுக்கும். மூடியின் ரப்பர் வெடித்துப்போன வண்டி, எவ்வளவு உயர்ந்த கூலன்ட் ஊற்றினாலும் அந்த லாபத்தை இழந்துவிடும் என்பதை நினைக்கும்போது, மூடியை ஒருவரும் மாற்றுவதில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

மாசி மகத்தன்று இந்த விஷயம் பிரத்யட்சமாகும். திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காக இவ்வூர்க் கடற்கரைக்கு எழுந்தருள, மீனவ மக்கள் தங்கள் வீட்டு மாப்பிள்ளை வந்ததாகவே பாவித்து எதிர்கொள்ளும் அந்த நாளில், ஜனத்திரளின் பின்னே முதல் கியரில் ஊர்ந்து செல்லும் வண்டிகளுக்கு எதிர்க்காற்று என்பதே கிடையாது. விசிறி ஒன்றையே நம்பி ரேடியேட்டர் வேலை செய்ய வேண்டும். வெறும் ஜலம் ஊற்றிய வண்டிகள் ஆவி விட்டு ஓரங்கட்டி நிற்பதை அன்றைக்குப் பார்க்கலாம்.

ஆனால் இந்தக் கரையில் கொதிப்பு இரண்டாவது சங்கடம்தான். முதல் சங்கடம் தண்ணீரே. காவிரியின் கடைமடை இது. சமுத்திரம் நிலத்தடியிலே உள்நோக்கி ஏறிக்கொண்டிருக்க, பல இடங்களில் போர் போட்டால் வருவது உவர் நீர். அந்த நீரை ஒரு குடம் எடுத்து ரேடியேட்டரில் சாய்த்தால் இரண்டு காரியங்கள் நடைபெறுகின்றன. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, காப்பி போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பது போலவே, இன்ஜினின் மிகவும் சூடான சுவர்களில் பொருக்காகப் படிந்து, உஷ்ணம் வெளியேற முடியாமல் போர்வை போர்த்துகிறது. குளோரைடு உப்போ, ரேடியேட்டரின் அலுமினியத்தை ஊசி முனை அளவிலே குடைந்து குடைந்து ஒருநாள் ஓட்டையாக்குகிறது. இரும்பு பிளாக்கும், அலுமினிய ரேடியேட்டரும், நடுவே உப்பு நீரும் சேர்ந்தால், பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையில் செய்து காட்டும் மின்கலத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இவ்வூர்ப் போலகத்தில் புதுச்சேரி அரசின் மின்கழகம் நடத்தும், 32.5 மெகாவாட் திறனுள்ள எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. அத்தகைய நிலையங்களில், நீராவி உண்டாக்கும் கொதிகலனுக்குள் உப்புக்களை அறவே நீக்கிய ஜலத்தைத் தவிர வேறு ஜலத்தை விடுவதில்லை. விட்டால் குழாய்கள் கெட்டுப்போகும் என்பது அங்குள்ள இன்ஜினீயர்களுக்கு அரிச்சுவடி. அந்த நிலையத்துக்குச் சற்றுத் தூரத்திலேயே ஒரு டீக்கடைக் குழாயில் பிடித்த தண்ணீரைத் தன் ஜீவனோபாயமான வண்டிக்குள் ஊற்றிக்கொண்டு ஒருவர் நாகப்பட்டினத்துக்குக் கிளம்புகிறார்.

ஆகவே இங்கே கூலன்ட் தேர்ந்தெடுப்பது என்பது, பெரும்பாலும் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பதுதான். கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். ‘ரெடி மிக்ஸ்’ என்பது அளவாகக் கலந்தே வருவது, அப்படியே ஊற்றலாம். ‘கான்சென்ட்ரேட்’ என்பது கெட்டிச் சரக்கு. டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி நாம் ஜலம் சேர்க்க வேண்டும். கான்சென்ட்ரேட் மலிவு என்று வாங்கிப் போய்ப் போர் தண்ணீரில் கலக்கிறவர், விலை கொடுத்து வாங்கிய துரு மருந்தைச் சுண்ணாம்புக்குத் தீனியாகப் போடுகிறார். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் உத்தமம்; பேட்டரி ஆசிட் டப்பாவும் அதே அலமாரியில்தான் இருக்கும் என்பதால் பார்த்து வாங்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரையில் படாமல் வாய் அகன்ற பாத்திரத்தில் நேரே பிடித்த மழைஜலமும் மோசமில்லை. இந்தப் பக்கத்துக்கு ரெடி மிக்ஸே க்ஷேமம் என்பது என் அபிப்பிராயம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை என்றால் பழைய வகை, சிவப்பு என்றால் புதிய வகை என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. சாயத்துக்குச் சட்டம் கிடையாது. ஒரு கம்பெனியின் பச்சை இன்னொரு கம்பெனியின் சிவப்பாக இருக்கலாம். வித்தியாசம் உள்ளே இருக்கும் துரு மருந்தில். சிலிகேட் முதலான உப்புக்களைக் கொண்ட பழைய வகை சீக்கிரம் பாதுகாப்பு அளித்துச் சீக்கிரம் தீர்ந்துபோகும். கரிம அமிலங்களைக் கொண்ட புதிய வகை நிதானமாக வேலை செய்து நெடுநாள் உழைக்கும். இதில் ருசிகரமான ஒரு செய்தி உண்டு. ஐரோப்பாவில் கடின நீர் அதிகம் ஆகையால், சுண்ணாம்போடு சேர்ந்து படிந்துவிடும் பாஸ்பேட்டை அங்குள்ள வண்டிக் கம்பெனிகள் விலக்கின. ஜப்பானியர்களோ, வாட்டர் பம்ப் சீல் தேய்கிறது என்று சிலிகேட்டை விலக்கிப் பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவின் மட்டிலும் தண்ணீரின் ஸ்வபாவமே ரஸாயனத்தை நிர்ணயித்திருக்கிறது! வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ அதையும், டப்பாவில் ஐ.எஸ். 5759 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, நிறத்தைக் கடைசியில் பார்க்கலாம். இரண்டு வகைகளைக் கலப்பது மட்டும் கூடாது. சில கலவைகள் கூழாகி வழியை அடைத்துக்கொள்ளும்.

மாற்றும் காரியத்துக்கு விடியற்காலை உகந்தது, ஏனெனில் இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான மூடியைத் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்களை ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பும் அறியும். அடியிலுள்ள திருகையோ கீழ் ஹோஸின் கிளிப்பையோ தளர்த்திப் பழையதை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டு, நல்ல தண்ணீர் விட்டு, கலங்கல் நின்று தெளிவாக வரும்வரை அலசி, கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் செய்து, புதியதை மெள்ள ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். மூடியைத் திறந்துவைத்தபடியே இன்ஜினை ஓடவிட்டால், 80 டிகிரியைத் தாண்டியதும் தெர்மோஸ்டாட் திறந்து, மேல் ஹோஸ் சூடேறி, மட்டம் திடீரென்று இறங்கும். அதை நிரப்பி மூடுவதுதான் முறை. அந்தத் தெர்மோஸ்டாட்டை, ‘நம்ம ஊருக்கு எதுக்கு’ என்று கழற்றி எறிவது ஒரு தீய சம்பிரதாயம். இன்ஜின் வேண்டிய சூட்டை அடையாமலே ஓடி, டீசலையும் குடித்து, சிலிண்டரையும் தேய்த்துக்கொள்ளும்.

ரேடியேட்டரின் முன்முகத்தையும் அதே சமயத்தில் கழுவிவிடலாம். மீன் வண்டியின் ஐஸ் தண்ணீரும், உப்புக் காற்றும், ஆடிக் காற்றில் பறந்து வரும் மணலுமாக அதன் இடுக்குகள் அடைபட்டிருக்கும். காளமேகத்தின் மண்மாரி இன்னும் முற்றாக ஓயவில்லை போலும்.

வடித்ததை வாய்க்காலில் கொட்டுகிற வழக்கத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கிளைக்கால் தித்திக்கும், நாயும் ஆடும் நக்கும், உடம்புக்குள் போனதும் ஆக்ஸலேட் படிகங்களாகிச் சிறுநீரகத்தை அடைக்கும். 2022-ஆம் ஆண்டு காம்பியாவில் குழந்தைகள் பலரைப் பலிகொண்ட இருமல் மருந்தில் கலந்திருந்ததும் இதுவும், இதன் உறவான டைஎதிலீன் கிளைக்காலும்தான். மீந்த கூலன்டைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வீட்டு மாடத்தில் வைப்பதற்கு இந்த ஒரு செய்தியே போதுமான தடை. பழையதை மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு ஆயில் எடுக்க வருகிறவரைக் கேட்டு, தனியாகவே ஒப்படைக்கலாம்.

அன்றைக்குக் கேள்வி கேட்ட டிரைவருக்குப் பாய் பதில் ஒன்றும் சொல்லவில்லை. கழற்றிவைத்திருந்த பழைய ரேடியேட்டர் ஒன்றைச் சிமெண்டுத் தரையில் தட்டினார். செம்மண் போல ஒரு கை துருவும், மேலே வெள்ளை வெள்ளையாகப் பொருக்கும் விழுந்தன. “எந்தத் தண்ணி ஊத்தினீங்க, தம்பி?” என்று மட்டும் கேட்டார்.