பெயரைச் சொல்ல வேண்டியவர் யார்?

கார்பேத்திய மலைப்பகுதியில், உக்ரைன், ஸ்லோவாக்கியா, போலந்து எல்லைகள் கூடும் இடத்தில் வாழும் ஸ்லாவிய மக்கள் ருசின்கள். பெயருக்குப் பஞ்சமே இல்லை: ஆஸ்திரியப் பேரரசின் ஏட்டில் ருத்தேனியர், போலந்துப் பக்கம் லெம்கோ. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் ஆட்சி எல்லோரையும் உக்ரைனியர் என்றே பதிந்தது. செக்கோஸ்லோவாக்கியாவும் அதே வழியில் போனது.

ருசின் என்பது உக்ரைனியரின் பழைய பெயர்தானே, தனி இனம் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. பெயர் பழையது, பொதுவானது என்பது உண்மைதான். மற்றவர்கள் விட்டுவிட்டதாலேயே, வைத்துக்கொண்டவர்களிடமிருந்து அதைப் பறித்துவிட முடியுமா? ஸ்லோவாக்கியாவின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டில் எதையும் சொல்லலாம் என்ற நிலை இருந்தது. தம்மை ருசின் என்றவர்கள் 24,201 பேர். உக்ரைனியர் என்றவர்கள் 10,814 பேர். ருசின் என்ற தனி அடையாளமே மாஸ்கோவின் தூண்டுதல் என்ற சந்தேகமும் உக்ரைனில் உண்டு. அந்த அச்சம் புரிகிறது. ஆனால் ருசின் எழுத்துமொழி 1995-ல் முறைப்படி அறிவிக்கப்பட்டது பிராட்டிஸ்லாவாவில். எனவே மாஸ்கோ கட்டிவிட்ட அடையாளம் என்று இதைத் தள்ள இடமில்லை. அதோடு, கார்பேத்தியத்துக்கு வெளியே, செர்பியாவின் வோய்வோதினா மாகாணத்தில் ருசின் மொழி ஆட்சிமொழிகளில் ஒன்று.