உங்களுக்குத் தெரியுமா? பக்கத்து வயலைப் பார்த்துப் பிறந்த ஒழுங்கு

இந்தோனேசியாவின் பாலித் தீவில், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை நீர்க் கோயில்களில் கூடும் உழவர்களே முடிவு செய்கிறார்கள். அவர்களுடைய பாசனச் சங்கத்துக்கு 'சுபாக்' என்று பெயர். 2012இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இது இடம்பெற்றுவிட்டது.

சிக்கல் இதுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டால் தண்ணீர் போதாது. ஆளுக்கொரு நேரத்தில் நட்டாலோ, அறுத்த வயலிலிருந்து பூச்சிகள் பச்சையாக நிற்கும் அடுத்த வயலுக்குத் தாவிவிடும். பரந்த பரப்பு ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால்தான் அவை பட்டினியில் சாகும்.

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. கோயில் அட்டவணையை ஒதுக்கிவிட்டு, முடிந்த மட்டும் அடிக்கடி நடச் சொன்னார்கள் அதிகாரிகள். தண்ணீர்ப் பற்றாக்குறையும் புகையான் பூச்சியும் சேர்ந்தே வந்தன.

இத்தனை நுட்பமான ஏற்பாட்டை ஏதோ ஓர் அரசர்தான் வகுத்திருப்பார் என்று தோன்றும். அதற்குத் தேவையே இல்லை என்று காட்டினார்கள் மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும். இரண்டு ஆறுகளை நம்பியிருந்த 172 சுபாக்குகளைக் கணினியில் உருவாக்கி, ஒரே ஒரு விதியைக் கொடுத்தார்கள்: அக்கம்பக்கத்தில் அதிக மகசூல் எடுத்தவரின் நடவு முறையை அடுத்த ஆண்டு பின்பற்று.

தலைவரும் இல்லை, திட்டமும் இல்லை. ஆனாலும் சில ஆண்டுகளிலேயே (கணினிக் கணக்கில்தான்!) சுபாக்குகள் கூட்டம் கூட்டமாக ஒரே அட்டவணைக்கு வந்தன, மகசூல் கூடியது. 1993இல் வெளியான அந்த ஆய்வின்படி, கணினியில் தானாக உருவான அமைப்பு நிஜக் கோயில்களின் வலைப்பின்னலைப் பெரிதும் ஒத்திருந்தது.